பத்து மாதம் சேர்ந்திருந்த உடம்பு



போன மாதம், இதழ் அச்சுக்குப் போக இரண்டே நாள் இருக்கையில், கிராண்ட்பாஸ் வீதியிலுள்ள நமது அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். படியேறி வந்த களைப்பில் கொஞ்ச நேரம் பேசவில்லை. டயலிசிஸ் ஊசி குத்திய இடது கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூட வந்த மகன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். வீட்டில் படிக்கிற பிள்ளை யாரோ அழகாக எழுதிக் கொடுத்திருந்தது. ‘சிறுநீரகம் தேவை. இரத்த வகை ஓ பொசிட்டிவ். உதவ மனமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்.’ கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

ஞாயிறு பத்திரிகைகளில் இப்படியான அறிவித்தல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். எழுதியவரே முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அப்படிப் புரட்டிவிட முடியவில்லை. மகனைப் பார்த்து, “நீங்கள் கொடுக்க முடியாதா தம்பி?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று அடுத்த நொடியே தோன்றியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நானும் ஓ பொசிட்டிவ்தாங்க. எல்லா டெஸ்ட்டும் செஞ்சாங்க. கடைசியா குரொஸ்மெச் பொசிட்டிவ்னு வந்துச்சு. பொசிட்டிவ்னா நல்லதுன்னு நெனச்சு அன்னைக்கு அம்மா கோயில்ல அர்ச்சனைகூட செஞ்சாங்க. பொறகுதான் மிஸ் கூப்பிட்டு விளங்கப்படுத்தினாங்க, பொசிட்டிவ்னா சேராதுன்னு.”

அதுவரை பேசாமலிருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். “பத்து மாசம் என் வயித்துல இருந்தவன் ஐயா. அன்னைக்குச் சேந்த ஒடம்பு இன்னைக்கு எப்படிச் சேராமப் போகும்?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு படித்தும், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பக்கம். விளங்கியபோது எனக்கு ஆச்சரியம் மட்டுமல்ல, வருத்தமும் வந்தது. ஏனென்றால், அந்த அம்மாவின் உடம்பு மகனை மறுப்பதற்குக் காரணமே அவர் அவனைச் சுமந்ததுதான்.

பாடசாலையில் உயிரியல் படித்தவர்களுக்குப் பிறபொருளெதிரி என்ற சொல் நினைவிருக்கும். கிளினிக்கில் ‘எண்டிபொடி’ என்பார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியை ஒருமுறை கண்டுவிட்டால், அதன் அடையாளத்தை நினைவில் வைத்து, மறுமுறை வரும்போது தாக்குவதற்கு உடல் செய்து வைத்துக்கொள்ளும் புரதம் அது. கிருமியை மட்டுமல்ல, இன்னொரு மனிதரின் கலங்களையும் உடல் இப்படி அடையாளம் காணும். நம் கலங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பாதி அம்மாவிடமிருந்து வந்தது, மறு பாதி அப்பாவிடமிருந்து. ஆக, ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் அடையாளத்தில் பாதி பிறந்த வீட்டுச் சொத்து. மறு பாதி புகுந்த வீட்டுச் சொத்து. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் பிள்ளையின் இரத்தத்தில் கொஞ்சம் தாயின் இரத்தத்தோடு கலக்கிறது. புகுந்த வீட்டு அடையாளத்தைத் தாயின் உடல் அந்நியமாகக் கண்டு, சிலருக்கு அதற்கெதிராகப் பிறபொருளெதிரியை உண்டாக்கிவிடுகிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இதனால் பொதுவாகக் கெடுதல் வருவதில்லை. நஞ்சுக்கொடி அதைத் தாங்கிக்கொள்கிறது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, முச்சக்கரவண்டி ஓட்டும் வயதுக்கு வந்த பிறகும் தாயின் இரத்தத்தில் அந்த நினைவு தங்கியிருக்கலாம்.

கணவர் மனைவிக்குக் கொடுக்க முன்வரும்போதும் இதே தடை வரலாம். மனைவி கணவருக்குக் கொடுக்கையில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் பிள்ளை சுமந்தது கணவரல்ல. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களுக்குச் சில அடையாளங்கள் பொதுவாக அமைய இடமுண்டு. ஆனால் அதை நம்பிப் பரிசோதனையை விட்டுவிட முடியாது.

எல்லாத் தாய்மாருக்கும் இது நடப்பதில்லை. அமெரிக்காவில் இரத்த தானம் செய்தவர்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருமுறை கர்ப்பமான பெண்களில் 11 சதவீதமானோரிடமும், மூன்று முறை கர்ப்பமானவர்களில் 27 சதவீதத்துக்கும் சற்று மேற்பட்டோரிடமும் இந்த வகைப் பிறபொருளெதிரி இருந்தது. நமது அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டு வெளி இரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள். டயலிசிஸ் தொடங்கிய பிறகு இரத்தசோகைக்காக மேலும் சில பைகள். கர்ப்பம், ஏற்றிய இரத்தம், முன்னர் செய்த உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்று இந்த எதிரி உள்ளே வருவதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. அதில் இரண்டு இவருக்குத் திறந்திருந்தன.

தாய்மாரின் இரத்தத்தில் இப்படியொன்று இருக்கிறது என்பதை உலகம் கண்டுகொண்டது 1958இல். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டைச் சேர்ந்த ரோஸ் பெயின் என்ற பெண் விஞ்ஞானியும் நெதர்லாந்தின் லெய்டனில் யொன் வான் ரூட்டும் தனித்தனியே அதைக் கண்டார்கள். அதே வருடம் பாரிஸில் ஜோன் டோசே, பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் இரத்தத்தை வைத்து முதலாவது எச்.எல்.ஏ. அடையாளத்தைக் கண்டறிந்தார். 1980இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் 1958இல் கண்ட அந்த அறிவு அறுவைச் சிகிச்சை அறைக்கு வந்து சேரச் சுமார் பத்து வருடமாயிற்று. அந்த இடைவெளியில் பலருக்கு, இரத்த வகை பொருந்திய நல்ல சிறுநீரகத்தைப் பொருத்தி, இரத்தக் குழாய்களைத் திறந்துவிட்ட சில நிமிடங்களிலேயே அது கறுத்துச் செத்துப்போனது. கொடுத்தவரின் தியாகமும் பெற்றவரின் நம்பிக்கையும் அதே மேசையில் முடிந்துபோயின.

அதைத் தடுக்க வழி தந்தவர்களில் முதன்மையானவர் போல் தெரசாக்கி. லொஸ் ஏஞ்சலிஸில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அரிசோனாப் பாலைவனத்தில் கில்லா ரிவர் முகாமில் குடும்பத்தோடு வளர்ந்த பையன். பிறந்த நாட்டிலேயே அந்நியன் என்று அடையாளமிடப்பட்டவர், பிற்பாடு உடல் எதை அந்நியமென்று காண்கிறது என்பதைத் தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தார் என்பது என் மனதைத் தொட்ட விஷயம். 1964இல் அவர் வெளியிட்ட பரிசோதனைக்கு ஆயிரத்திலொரு மில்லிலீற்றர் இரத்த நீர் போதும். கொடுப்பவரின் வெண்கலங்களோடு பெறுபவரின் இரத்த நீரைச் சேர்த்து, கலங்களைத் துளைக்கும் நிரப்புப் புரதத்தையும் விட்டுப் பார்ப்பார்கள். கலங்கள் செத்தால் பொசிட்டிவ். உடலுக்குள் நடக்கவிருந்த போர் ஒரு சிறு தட்டுக் குழியில் முன்கூட்டியே நடந்து காட்டிவிடுகிறது.

1969இல் பட்டேல் என்ற சக ஆய்வாளரோடு தெரசாக்கி வெளியிட்ட கணக்கு, மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றையே திருப்பியது. குரொஸ்மெச் பொசிட்டிவாக இருந்தும் சிறுநீரகம் பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனேயே செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டுமே. இதைப் படித்த பிறகுதான் கிளினிக் தாதி மகனைக் கூப்பிட்டு ‘சேராது’ என்று சொன்னதன் கனம் எனக்கு விளங்கியது. அந்தச் சொல் ஒரு கதவை அடைத்தது உண்மை. அதே சொல், இருபத்தேழு வயதுப் பிள்ளையின் சிறுநீரகம் ஒன்று வீணாகக் குப்பைக்குப் போகாமல் காத்தது.

இலங்கையில் முதலாவது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது 1985இல். பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப், அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஏ.எச். ஷெரீப்டீன் ஆகியோரை அந்தத் துறை நன்றியோடு நினைக்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1971இலேயே அதைச் செய்திருந்தது; நம்மவர்கள் பலர் அங்கே போய் வந்த கதைகளை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இன்று நமக்கு மாளிகாவத்தையிலேயே சிறுநீரகத்துக்கென்று ஒரு தேசிய வைத்தியசாலை இருக்கிறது. கிராண்ட்பாஸிலிருந்து முச்சக்கரவண்டியில் சில நிமிடம். நாரஹேன்பிட்டி தேசிய இரத்த வங்கியில் எச்.எல்.ஏ. ஆய்வுகூடம் இருக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கத்து விவசாயிகளைக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வாட்டுகிற நாடு இது. இப்படியான கூடங்களில் வேலை செய்கிறவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒரு சிறுநீரகம் பத்து வருடம் உழைக்குமா, பத்து நிமிடத்தில் போகுமா என்பதில் பெரும்பங்கு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன என்பதை வாசகர்கள் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். குரொஸ்மெச் என்பது கொடுக்க ஒருவர் கிடைத்த பிறகு, இந்த இருவரும் சேர்வார்களா என்று பார்ப்பது. அதற்கு முன்பே, கொடுப்பவர் யாரும் இல்லாத நேரத்திலேயே, நோயாளியின் இரத்தத்தில் எந்தெந்த அடையாளங்களுக்கு எதிரி இருக்கிறது என்று அறியலாம். அதுதான் பிறபொருளெதிரிச் சோதனை. இந்தக் காலத்தில் ஒவ்வொரு நுண்மணியிலும் ஒரே ஓர் எச்.எல்.ஏ. அடையாளத்தைப் பூசி, எந்த மணியில் எதிரி போய் ஒட்டுகிறது என்று லேசர் ஒளியால் கண்டுபிடிக்கிறார்கள். பழைய தட்டுக் குழிக்குத் தெரியாமல் போன சிறிய அளவுகூட இதில் தெரியும். முடிவை ஒரு சதவீதமாகச் சொல்வார்கள். 80 சதவீதம் என்றால், வீதியில் போகிற நூறு பேரில் எண்பது பேரின் சிறுநீரகம் அந்த உடலுக்கு ஆகாது என்று பொருள். இதை முதலிலேயே அறிந்திருந்தால், ‘ஓ பொசிட்டிவ்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வருடக்கணக்கில் இருட்டில் தேடாது.

ஒருமுறை பார்த்தால் முடிந்துவிடுவதுமில்லை. இடையில் இரத்தம் ஏற்றினால் கணக்கு மாறும். அதனால்தான் காத்திருக்கும் நோயாளிக்கு முடிந்தவரை இரத்தம் ஏற்றாமல், எரித்ரோபொயட்டின் ஊசியால் இரத்தசோகையைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். 1970களில் நிலைமை நேரெதிர். இரத்தம் ஏற்றியவர்களுக்கு மாற்றுச் சிகிச்சை நன்றாக அமைகிறது என்று ஓபெல்ஸ் என்ற ஆய்வாளரும் அதே தெரசாக்கியுமே 1973இல் காட்டியதால், வேண்டுமென்றே இரத்தம் ஏற்றினார்கள். சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகு அந்த நன்மை மங்கிப்போய், எதிரி உருவாகும் அபாயம் மட்டும் மிஞ்சியது. உயிர் காக்க இரத்தம் தேவைப்படும் நேரத்தில் அதை மறுக்க வேண்டுமென்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்றிய திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி, மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றைச் சகோதரிகளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். கருச்சிதைவும் இந்தக் கணக்கில் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் மாமியாரோ மகனோ நிற்கையில், ‘எத்தனை தடவை கர்ப்பம்?’ என்று கேட்டால், உள்ளதைச் சொல்லப் பலருக்கு வாய் வராது. கூட்டம் போன பிறகு தாதியைத் தனியே கூப்பிட்டாவது சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தாலும் உங்கள் இரத்தம் அதை நினைவில் வைத்திருக்கும்.

அந்த அறிவித்தலுக்கு வருகிறேன். நான் அதைப் போடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மிகவும் கஷ்டமாக இருந்தது. 2022இன் இறுதியில், பணம் தருவதாகச் சொல்லிச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நம் கிராண்ட்பாஸ் பக்கத்து ஏழைகள் சிலர் பொலிஸில் முறையிட்டதை நாடே படித்தது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மனித உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்திருக்கிறது. ஆனாலும் ஒரு தொலைபேசி இலக்கத்தை அச்சில் போட்டால் முதலில் அழைப்பது தரகர்தான் என்பது என் பயம். ஒரு தாயின் கண்ணீரும் பக்கத்துத் தோட்டத்து இன்னொரு தாயின் வறுமையும் நமது இதழின் வழியாகச் சந்தித்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இதில் நான் தவறியிருக்கிறேன் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உலகில் சில வழிகள் திறந்திருக்கின்றன. இரத்த நீரை மாற்றி, பிறபொருளெதிரியைக் குறைத்துவிட்டுப் பொருத்துகிறார்கள். செலவும் அபாயமும் அதிகம். எதிரியை வெட்டிப் போடும் நொதியொன்றுக்கு 2020இல் ஐரோப்பா நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்தது பரிமாற்ற முறை. கொட்டாஞ்சேனையில் ஒரு கணவர் மனைவிக்குக் கொடுக்கத் தயார், சேரவில்லை. வெள்ளவத்தையில் ஓர் அக்கா தம்பிக்குக் கொடுக்கத் தயார், அங்கும் சேரவில்லை. கணவருடையது அந்தத் தம்பிக்கும், அக்காவுடையது அந்த மனைவிக்கும் சேருமானால் மாற்றிக்கொள்ளலாம். தென்கொரியாவில் 1991இலேயே தொடங்கிய முறை இது. இந்தியாவும் 2011இல் சட்டத்தைத் திருத்தி, நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வந்தவர்களிடையே இதற்கு இடமளித்தது. யாரும் யாரிடமும் எதையும் வாங்காமல், இரண்டு வீடுகள் விளக்கேற்றிக்கொள்கிற காரியம்.

சிறுநீரகம் பொருத்தியாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று என்றால் பிறபொருளெதிரியின் கதை முடிந்ததா? பெரும்பாலான குடும்பங்கள் முடிந்ததாகத்தான் நினைக்கின்றன. நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். அமெரிக்கக் கணக்குப்படி, உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகத்தின் சராசரி ஆயுள் 1990களின் பிற்பகுதியில் 12 வருடமாக இருந்து, அண்மைக் காலத்தில் 19 வருடமாக உயர்ந்திருக்கிறது. மூளைச்சாவடைந்தவர் போன்றோரிடமிருந்து பெற்றது 8 வருடத்திலிருந்து 11 வருடத்துக்கும் மேலாகியிருக்கிறது. இந்த வருடங்களைத் தின்பதில் பெரும்பங்கு, பொருத்திய பிறகு புதிதாக முளைக்கும் பிறபொருளெதிரிக்கு உண்டு. கனடாவின் வினிபெக் நகரில் 315 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 47 பேரிடம் அது முளைத்தது. சராசரியாக 4.6 வருடத்துக்குப் பிறகு. பத்து வருட முடிவில், முளைக்காதவர்களில் 96 சதவீதமானோரின் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருந்தது. முளைத்தவர்களில் 57 சதவீதமானோருக்கு மட்டுமே.

முளைக்க வைக்கும் காரணங்களில் முக்கியமானது, மாத்திரையை ஒழுங்காகப் போடாதது. நான்கு வருடம் நன்றாக இருந்துவிட்டால் உடம்பு பழகிவிட்டது என்று தோன்றும். தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்தில் இரண்டு நாள் மறந்துபோகும். கையில் காசில்லாத ஒரு மாதமும் வரும். 2022இல் நாடே மருந்துக்கு வரிசையில் நின்றபோது, ஒரு மாத்திரையை இரண்டு நாளுக்குப் பாதியாக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உள்ளே நடப்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். எதிரி முளைத்தவுடன், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேற்றினின் அளவு உயர்வதில்லை. காய்ச்சலோ வலியோ இல்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமின்றி வேலை செய்கிறது. இரத்தப் பரிசோதனையில் தெரியும்போது, திருப்ப முடியாத சேதம் நடந்திருக்கலாம். கையிருப்பு ஒரு வாரத்துக்குக் குறைந்தாலே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மாத்திரை இல்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த அம்மாவைப் பற்றி. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொலைபேசி எடுத்து, “உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லையா?” என்று கேட்டேன். கூடப்பிறந்தவர்களில் முழு அடையாளமும் ஒத்துப்போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதோடு, அவர் இரத்தத்தில் இருந்த எதிரி பெரும்பாலும் புகுந்த வீட்டு அடையாளத்தின் மேல்தான். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, “ஹட்டன் பக்கம் தோட்டத்துல தம்பி இருக்கான் ஐயா. அப்பா காரியத்துக்குப் பொறகு நாங்க பேச்சு வார்த்தை இல்ல. பன்னெண்டு வருசம் ஆச்சு,” என்றார்.

பிறகு அந்தத் தம்பியோடு பேசியது அவரல்ல; மகன்தான். தாய்மாமனுக்கு அவரே அழைப்பு எடுத்திருக்கிறார். மாமா அடுத்த ஞாயிறே வந்து இறங்கினாராம். இரத்த வகை ஒன்றேதான். குரொஸ்மெச் நெகட்டிவ். இந்தத் தடவை நெகட்டிவ் என்றால் என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருதயம், பிரஷர், சீனி என்று தம்பிக்கு இன்னும் பரிசோதனைகள் பாக்கி. எதுவும் உறுதியில்லை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வருகிற புதன்கிழமை காலை ஏழரைக்கு இருவரையும் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா செவ்வாய் இரவு ஹட்டனிலிருந்து பஸ் ஏறுகிறார். விடியற்காலையில் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு முச்சக்கரவண்டியைக் கொண்டுபோய்க் காத்திருக்கப் போவது, சிறுநீரகம் சேராமல்போன அந்த மகன்தான்.

அன்புடன்,
ஆசிரியர்